அட்ரினல் சுரப்பியும் தாழ்ந்த இரத்த அழுத்தமும்: ஒரு காரணத் தேடலின் வரலாறு

இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பது எல்லோரிடத்தும் வியாதி ஆகாது. 90க்கு 60 என்ற அளவிலேயே ஆயுள் முழுவதும் சௌக்கியமாக இருப்பவர் பலர் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் அழுத்தம் ஏறாமலே நின்று, படுக்கையை விட்டு எழுந்ததும் கண் இருண்டு, தேகம் இளைத்து, மற்ற உணவெல்லாம் வெறுத்துப்போய் உப்பையும் ஊறுகாயையும் மட்டுமே நாக்கு தேடுகிற நிலை வேறு. இருதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் அதற்குக் காரணம் அகப்படாதபோது நாளமில்லாச் சுரப்பிகளைச் சோதிக்கவேண்டும் என்று வைத்திய சாஸ்திரம் அறிந்துகொள்ள நூறாண்டுகள் பிடித்தன. அந்த ஆராய்ச்சியை நடுவழியில் திசை மாற்றி நெடுங்காலம் அலையவைத்தது யாருடைய அலட்சியமும் அல்ல, உலகம் வியந்த ஒரு கண்டுபிடிப்பே என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுநீரகங்கள் ஒவ்வொன்றின் தலையிலும் ஐந்து கிராம் அளவுகூடத் தேறாத ஒரு சிறு சுரப்பி இருப்பதை 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான யூஸ்டாக்கி விவரித்திருந்தார். அதன் பிரயோஜனம் யாது என்னும் வினாவுக்கு 1716இல் பிரான்சின் போர்தோ நகரத்துக் கழகம் பரிசு அறிவித்தது. வந்த கட்டுரைகளைப் பரிசீலித்த மாண்டெஸ்கியூ, ஒன்றுமே பரிசுக்குத் தகுதியுடையதன்று என 1718இல் தீர்ப்புச் சொன்னார்.

விடையின் முதல் எழுத்தை லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் எழுதினார். இரத்தக்குறைவின் ஒரு வகையை ஆராயப் புகுந்தவர் 1849இல் இச்சுரப்பியைப் பற்றி முதன்முதலாக ஒரு வைத்தியர் சபையில் பேசி, 1855இல் பதினொரு நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். சோர்வு, பசியின்மை, வயிற்றுக் கோளாறு, இருதயத்தின் விசித்திரமான பலவீனம், தோலின் கருமை ஆகிய இலக்கணங்களோடு மாண்ட அவர்களின் சடலங்களைச் சோதித்தபோது சுரப்பிகள் சிதைந்திருக்கக் கண்டார்; பலரிடம் அச்சிதைவை விளைத்தது க்ஷயரோகம். இரத்த அழுத்தத்தை அளக்கும் கைப்பட்டைக் கருவி ரிவா-ரோச்சியால் 1896இல்தான் உண்டாயிற்று என்பதை நினைத்தால், மெலிந்து தளர்ந்து விரலுக்கு அடங்கிப்போகும் நாடியை மட்டுமே துணையாகக் கொண்டு அடிசன் இதனைக் கண்டறிந்த நுண்மை நம்மைத் தலைவணங்கச் செய்கிறது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: அவர் கண்ட கருமை வெண்ணிறத் தோலின்மேல் படர்ந்த கருமை. நம் நாட்டு நோயாளியிடம் அதைக் கன்னத்திலும் கையிலும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஈறுகளையும், கன்னத்தின் உட்புறத்தையும், உள்ளங்கை ரேகைகளின் பள்ளத்தையும், பழைய தழும்புகளையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

அடிசனின் நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே உடலியல் ஆராய்ச்சியாளர் பிரௌன்-செக்கார், விலங்குகளின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றினால் அவை விரைவில் இறக்கின்றன என்று காட்டினார். இனி, சுரப்பி உடம்புக்குத் தருவது எது என்பதே கேள்வி. ஹாரோகேட் நகரத்து வைத்தியர் ஜார்ஜ் ஆலிவர் சுரப்பியின் சாற்றை எடுத்துக்கொண்டு லண்டனில் பேராசிரியர் ஷேஃபரை நாடினார்; அதை ஒரு விலங்கின் இரத்த நாளத்தில் செலுத்தியதும் அழுத்தமானியின் பாதரசம் நம்பமுடியாத உயரத்துக்கு ஏறிய காட்சியைப் பிற்காலத்தில் ஹென்றி டேல் எழுதிவைத்திருக்கிறார். 1894இல் இச்செய்தி வெளிவந்தது. 1901க்குள் ஜப்பானியரான டக்கமினே அச்சாற்றின் வீரியப் பொருளை அட்ரினலின் என்ற பெயரில் தூய படிகமாகப் பிரித்தெடுத்துவிட்டார்.

சுரப்பி அழிந்தால் அழுத்தம் தாழ்கிறது. சுரப்பியின் சாறோ அழுத்தத்தை உயர்த்துகிறது. எனவே அட்ரினலின் குறைவே நோயின் மூலம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். இதைவிடத் தெளிவான தர்க்கம் இருக்கமுடியுமா? ஆனால் அட்ரினலின் ஏற்றப்பட்ட அடிசன் நோயாளிகள் சில நிமிஷம் தலைதூக்கினார்களே தவிரப் பிழைக்கவில்லை. இச்சுரப்பி உண்மையில் இரண்டு சுரப்பிகள்: அட்ரினலினைத் தருவது உள்ளிருக்கும் அகணி, அதைச் சூழ்ந்திருப்பது புறணி. சுறாவிலும் திருக்கையிலும் இவ்விரண்டும் வெவ்வேறு உறுப்புகளாகவே பிரிந்து கிடக்கின்றன. இந்தச் சௌகரியத்தைப் பயன்படுத்திய ஆர்தர் பீடில், புறணிக்கு ஒப்பான பகுதியை மட்டும் அகற்றியபோது அம்மீன்கள் மாண்டன. ஜீவாதாரமானது புறணியே என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டுவதில்லை; இருந்தும், கண்முன் ஏறிய பாதரசத்தின் கவர்ச்சியில் மயங்கிய வைத்திய உலகம் மேலும் பல ஆண்டுகள் அட்ரினலினையே பற்றிக்கொண்டிருந்தது.

1930இல் பிரின்ஸ்டனின் ஸ்விங்கிலும் ஃபிஃப்னரும் புறணியின் சாற்றை ஆற்றலோடு பிரித்தெடுத்து, சுரப்பியற்ற விலங்குகளை உயிரோடு நிறுத்தினார்கள். ஆனால் அழுத்தம் ஏன் தாழ்கிறது என்பதை விளக்கியவர் நியூயார்க்கின் ராபர்ட் லோப். அடிசன் நோயாளிகளின் இரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதை 1932இல் கண்ட அவர், சாதாரணச் சமையல் உப்பை மிகுதியாகக் கொடுத்தே அவர்களை எழுந்து நடமாடச் செய்தார். புறணியின் ஹார்மோன் இல்லாதபோது சிறுநீரகம் சோடியத்தைத் தக்கவைக்க இயலாமல் வெளியேவிடுகிறது, சோடியத்தின் பின்னே நீர் போகிறது, நீர் போக இரத்தத்தின் கன அளவு சுருங்குகிறது, பொட்டாசியமோ தேங்குகிறது. நோயாளியின் நாக்கு உப்பைக் கேட்டதெல்லாம் சரீரம் தன் நஷ்டத்தை ஈடுசெய்ய முயன்றதே. இந்த வரலாறு முழுவதிலும் என் மனத்தை மிகவும் கவர்வது லோபின் இவ்வேலைதான்; ஏனெனில் அரிய இரசாயனம் எதுவும் கைக்கு வருமுன்னரே நோயின் இயக்கத்தை அது திறந்துகாட்டிற்று.

பின்னர் காரியங்கள் விரைந்தன. கெண்டலும் ரைக்ஸ்டைனும் புறணிப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, ஹெஞ்சோடு 1950இல் நோபெல் பரிசு பெற்றார்கள். சில்வியா சிம்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் ரைக்ஸ்டைன் குழுவினரோடு சேர்ந்து, சோடியத்தைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனை 1953இல் தனியாக்கினார்கள். புறணியின் மற்றொரு ஹார்மோனான கார்டிசால் இல்லையேல் இரத்தக் குழாய்கள் உடம்பின் சொந்த அட்ரினலினுக்கே சரிவர இசைந்து சுருங்குவதில்லை என்பதும் புலனாயிற்று. அட்ரினலின் ஊசி ஏன் பயன்படவில்லை என்பதற்கு அரை நூற்றாண்டு கழித்து இங்ஙனம் விடை கிடைத்தது.

காரணம் சுரப்பியில் இல்லாமல் அதை ஏவும் பிட்யூட்டரியிலும் இருக்கலாம். பிரசவத்தில் பெருமளவு இரத்தம் இழந்த தாய்மாரின் பிட்யூட்டரி கருகிப்போவதை கிளாஸ்கோவின் ஹரால்டு ஷீஹன் 1937இல் விளக்கினார். குழந்தைக்குப் பால் சுரந்ததா, மாதவிலக்கு திரும்பியதா என்ற இரு கேள்விகளே பல ஆண்டுகளாகக் காரணம் தெரியாதிருந்த தளர்ச்சியின் முடிச்சை அவிழ்த்துவிடும். கண்ணாடி விரியன் தீண்டிப் பிழைத்தவர்களுக்கும் இதே கதி நேர்வதைத் தென்னிந்திய வைத்தியர்களும், 1987இல் பர்மாவில் ஆராய்ந்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். இவர்களிடம் தோல் கறுப்பதற்குப் பதிலாக வெளிறும். ஆல்டோஸ்டிரோன் பெரும்பாலும் குறைவதில்லையாதலால் பொட்டாசியமும் உயர்வதில்லை. ஆகவே அடிசனின் இலக்கணத்தை மட்டும் மனத்தில் வைத்துத் தேடுபவர் இவர்களைத் தவறவிடுவார்.

காலை எட்டு மணி வாக்கில் இரத்தத்தில் கார்டிசாலை அளப்பதும், ஐயம் நீங்காவிடில் பிட்யூட்டரி ஹார்மோனின் செயற்கை வடிவத்தை 250 மைக்ரோகிராம் செலுத்தி அரைமணியிலும் ஒருமணியிலும் மீண்டும் அளப்பதும் இன்றைய முறை. படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள்ளும் அழுத்தத்தை அளந்து, மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கோ எந்தச் செலவும் இல்லை. அதனோடு நோயாளி உண்ட மருந்துகளையும் கேட்டறியவேண்டும். கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டை உட்கொண்டுவந்த ஒருவர், அது நிறுத்தப்பட்டபின் அறுவைச் சிகிச்சையின் அதிர்ச்சியைத் தாங்காது இறந்த செய்தி 1952இலேயே அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் விழுங்கித் திடீரென நிறுத்துகிறவரின் புறணி, வேலை மறந்து சுருங்கிக் கிடக்கிறது. பெயரெழுதாத பொட்டலங்களில் அதே ஸ்டீராய்டைத் தாம் அறியாமலே உண்டவர்களிடமும் இதே தாழ்ந்த அழுத்தம் காணப்படுவதால், பொட்டலத்தையே கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதும் இப்பரிசோதனையின் ஓர் அங்கமாகும்.