நம்பர் தப்பானால் நிலம் போய்விடுமா?

உங்கள் கிரயப் பத்திரத்தில் சர்வே நம்பர் 112 என்பதை 121 என்று தப்பாக எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரமே செல்லாது என்று பல பேர் பயந்துபோறாங்க. அப்படியில்லை. கொஞ்சம் பழைய கதையைப் பார்க்கணும்.

சோழர் காலத்தில் நிலத்துக்கு நம்பர் ஏது? 1006-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். பெண் யானையைச் சுற்றி நடக்கவிட்டு எல்லை குறித்தாங்க. நாலு பக்கத்து எல்லையையும் செப்பேட்டில் வெட்டினாங்க. லெய்டன் செப்பேடுகள் என்று அதற்குப் பெயர். இன்றைக்கு நம்ம பத்திரத்தில் எழுதுகிற செக்குபந்தியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சர்வே நம்பர் வெள்ளைக்காரன் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டாங்க. நம்பர் வந்ததும் நம்பர் தப்பும் கூடவே வந்துட்டுது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 'கல்கத்தாவிலுள்ள என் வீடு' என்று எழுதி ஒருவர் விற்கிறார். அவருக்குக் கல்கத்தாவில் வீடே இல்லை, ஹௌராவில்தான் இருக்கிறது. பத்திரம் எழுதின நாளிலிருந்து வாங்கினவர் அந்த ஹௌரா வீட்டை அனுபவித்து வருகிறார். அதைக் காட்டி, விற்றது ஹௌரா வீடுதான் என்று நிரூபிக்கலாம். 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. இந்த விதி மட்டும் போகவில்லை. நம்பர் ஒன்று சொல்லி, செக்குபந்தி வேறொன்று சொன்னால், தெளிவான செக்குபந்தியைத்தான் கோர்ட்டுகள் பெரும்பாலும் பார்க்கின்றன. விற்றவருக்கு 121-லும் நிலம் இருந்தால் மட்டும் வழக்கு இழுக்கும்.

சரி, அப்படியே விட்டுவிடலாமா? அங்கேதான் ஆபத்து. வில்லங்கச் சான்று நம்பரை வைத்துத் தேடுவது. உங்கள் கிரயம் 121-ல் போய் உட்கார்ந்திருக்கும். 112-க்குப் போட்டுப் பார்த்தால் நிலம் பழைய ஆள் பேரிலேயே இருப்பது போலத் தெரியும். அதை நம்பி வேறொருவர் பணம் கொடுத்து வாங்கிவிட்டால்? 1963-ஆம் வருஷத்துக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, இரு தரப்பும் தெரியாமல் செய்த தவறைக் கோர்ட் திருத்தித் தரும். ஆனால் நாணயமாக விலை கொடுத்து வாங்கின மூன்றாம் ஆளின் உரிமைக்குக் கெடுதல் வராத அளவுக்குத்தான்.

ஆகவே விற்றவர் உயிரோடு இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். நம்பரை மட்டும் பார்க்காமல் விஸ்தீரணம், தகப்பனார் பெயர், செக்குபந்தி எல்லாவற்றையும் மூலப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கணும். அதில் ஒருத்தர் முறுக்கிக்கொண்டாலும் கோர்ட்டுப் படிதான் ஏறணும்.