நாவலர் பாலபாடம்: நாம் தேடவேண்டிய தேட்டம்

பெரியோர் ஒருவரைப் போற்றுதல் பலவகைப்படும். உருவச்சிலை எடுத்தல் ஒன்று. குருபூசை நடாத்துதல் ஒன்று. அவர் எழுதிய நூல்களை அவர் காலத்து அச்சிலேயே தேடிக் காத்தல் மற்றொன்று. முன்னைய இரண்டையும் நம்மவர் குறைவின்றிச் செய்து வருகின்றனர். மூன்றாவது இன்னும் செவ்வையாகத் தொடங்கப்படவில்லை என்றே சொல்லவேண்டும். அதிலும், சிறுவர்க்கென எழுதப்பட்ட சிறு புத்தகங்களைத் தேடுவார் மிகச் சிலர். ஆதலின் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் நம் பிள்ளைகளுக்காக எழுதிய பாலபாடங்களின் பழம்பதிப்புகளைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

அச்சுப் புத்தகம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்த வரலாறு முதலில் அறியத்தக்கது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலில் எழுதியும் பனையோலையிற் படித்தும் பிள்ளைகள் கல்வி கற்றனர். சட்டம்பியார் சொல்லக் கேட்டு மனனஞ் செய்வதே பெருவழக்கு. அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்து ஊர்தோறும் பாடசாலைகளை அமைத்தனர். பின்னர் மானிப்பாயிலே அவர்களுடைய அச்சுக்கூடம் இயங்கியது. 1841 இல் தோன்றிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையும் அவர்களுடையதே. அச்சிட்ட பாடப்புத்தகம் என்றால் அது மிசன் புத்தகம் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. எழுத்தறிவோடு சமயமும் அப்புத்தகத்தின் வழியே பிள்ளையைச் சென்றடைந்தது.

இந்நிலையை உள்ளிருந்தே கண்டவர் நாவலர். 1822 டிசம்பர் 18 இல் பிறந்த அவர், பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடைய வெசுலியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, அப்பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தவர். 1847 ஆம் ஆண்டின் இறுதியிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் செய்யத் தொடங்கினார்; 1848 இல் மிசன் பணியைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடசாலை கிடைத்தது, புத்தகம் இல்லை. 1849 இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னபட்டணம் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கினார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கிற்று. ஊர் திரும்பி வண்ணார்பண்ணையிலே ‘வித்தியாநுபாலன யந்திரசாலை’யை அமைத்தார். நாவலர் பட்டமும் அச்சியந்திரமும் ஒரே பயணத்திற் கிடைத்தன என்பது சிந்திக்கத்தக்கது. நாவினாற் சொன்னதை ஊரெங்கும் கொண்டுசெல்ல அச்சு வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

அவ்வச்சுக்கூடத்திலிருந்து முதன்முதல் வெளிவந்தவற்றுள் பாலபாடமும் ஒன்று. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் உரைகளும் அக்காலத்தனவே. 1852 இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தை இன்றும் அறிஞர் பலர் எடுத்துப் பேசுவர். பாலபாடத்தைப் பேசுவார் சிலரே. ஆயினும் பெரியபுராண வசனத்தை ஒருவன் படித்து விளங்க வேண்டுமாயின், அதற்கு முன் பாலபாடம் அவனை ஆயத்தஞ் செய்திருக்க வேண்டும். எழுத்தும் சிறு சொல்லும் எளிய வாக்கியமுமாகத் தொடங்கி, புத்தகத்துக்குப் புத்தகம் படிப்படியாக உயர்ந்து, நான்காம் புத்தகத்திலே கொலை, களவு, பொய், கோபம், கல்வி முதலிய பொருள்கள்பற்றிய தெளிந்த வசனக் கட்டுரைகளாக அது நிற்கின்றது. சொற்களை வேண்டுமிடத்துப் பிரித்து, நிறுத்தக் குறியீடுகளை இட்டு, படிப்பவன் மூச்செடுக்கும் இடத்தையும் அறிந்து எழுதிய நடை அது. தமிழ் வசனநடை வளர்ந்த வரலாற்றை எழுதப் புகுவார் இச்சிறு புத்தகங்களை ஒதுக்கிவிட முடியாது.

இனி, இத்துணைச் சிறப்புடைய புத்தகத்தின் பழம்பிரதி ஏன் அரிதாயிற்று என்று ஆராய்வோம்.

முதலாவது காரணம் அதன் பயனே. உரைநூல் அலுமாரியில் இருக்கும். பாலபாடம் பிள்ளையின் கையில் இருக்கும். அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பான்; தம்பி படித்ததை அயல்வீட்டுப் பிள்ளை இரவல் வாங்கும். முதல் ஏடும் கடைசி ஏடும் கிழிந்துபோம். ஆண்டும் அச்சுக்கூடமும் பொறித்திருப்பது அந்த முதல் ஏட்டிலேயே அல்லவா? மிகுதியாக விரும்பப்பட்ட புத்தகமே மிகுதியாக அழியும் என்பது சிறுவர் நூல்களின் தலைவிதி.

இரண்டாவது காரணம் சட்டம் பற்றியது. இந்தியாவிலே அச்சிடும் நூல்களைப் பதிவு செய்யும் சட்டம் 1867 இலும், இலங்கையிலே அச்சகத்தார் வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் 1885 இலும் வந்தன. பாலபாடத்தின் முதற்பதிப்புகள் இவற்றுக்கு முற்பட்டவை. ஆகவே, பின்வந்த நூல்களைப்போல அவை அரசினரிடம் முறையாக ஒப்படைக்கப்படவில்லை. ஜோன் மர்டொக் பாதிரியார் 1865 இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியலும், பார்னெற், போப் ஆகிய இருவரும் 1909 இல் வெளியிட்ட பிரித்தானிய நூதனசாலைத் தமிழ்நூற் பட்டியலும் நமக்குப் பெருந்துணை. ஆயினும் பட்டியலிற் பெயர் காண்பது வேறு. புத்தகத்தைக் கையிற் காண்பது வேறு.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல மனம் கூசுகின்றது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் குடிபெயர்ந்தபோது, கையிற் பிள்ளையையும் தலையில் மூட்டையையும் கொண்டு நடந்தவர்கள் பெட்டகத்துப் புத்தகங்களை எடுத்துச் செல்வது எங்ஙனம்? பொது இடத்தில் இருந்தவை நெருப்புக்கு இரையாயின. வீட்டில் இருந்தவற்றுட் பல மழைக்கும் கறையானுக்கும் இரையாயின. எஞ்சியவை சிலவே. அந்தச் சிலவற்றைத் தேடுவதே இன்று நம் கடமை.

பழம்பிரதி ஒன்று கிடைக்குமாயின் அதன் காலத்தைத் துணிதல் எப்படி? பலர் இங்கே தடுமாறுவர். பழைய முகப்பேடுகள் பலவற்றிலே ஆங்கில ஆண்டு இராது. தமிழ் வருடப் பெயரே இருக்கும். அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வரும். ‘சாதாரண வருடம்’ என்றிருந்தால் அது 1850-51 ஆகவும் இருக்கலாம். 1910-11 ஆகவும் இருக்கலாம். நாவலர் சிவபதமடைந்த 1879 ஆம் ஆண்டு பிரமாதி. 1939 உம் பிரமாதியே. ஆதலின் வருடப் பெயரை மாத்திரம் கண்டு முதற்பதிப்பென்று மகிழ்தல் கூடாது. எத்தனையாவது பதிப்பு, எந்த ஊர் அச்சுக்கூடம், பதிப்பித்தவர் யார் என்பவற்றையும் ஒருங்கே நோக்கவேண்டும். அச்சுக்கூடம் வண்ணார்பண்ணையதா, சென்னபட்டணத்துத் தங்கசாலைத் தெருவினதா என்பது ஒரு குறிப்பு. சதாசிவப்பிள்ளையாற் பதிப்பிக்கப்பட்டது என்றிருப்பது மற்றொரு குறிப்பு; அது பிந்திய பதிப்பாதல் கூடும். இச்சதாசிவப்பிள்ளையை, 1886 இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று மயங்குதலும் ஆகாது. முன்னவர் நாவலரின் மாணாக்கர். பின்னவர் கிறித்தவர், ‘உதயதாரகை’ ஆசிரியர்.

“மறுபதிப்புகள் கடையிற் கிடைக்கும்போது பழம்பிரதி எதற்கு?” என்று இளைஞர் வினவலாம். நியாயமான வினாவே. ஆசிரியர் தாமே அச்சுப் பார்த்த பிரதியிலே சொற்பிரிப்பும் குறியீடும் அவர் இட்டபடியே இருக்கும். மறுபதிப்பாளர் கைபடுந்தோறும் அவை மாற இடமுண்டு. முகவுரை விடுபடவும் இடமுண்டு. இன்னொன்றும் உளது. சாதியாசாரம் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்துக்கள் நாவலர் எழுத்துக்களிலும் இடம்பெற்றுள்ளன. இன்று நாம் அவற்றை ஏற்பதற்கில்லை. ஆயினும் அவற்றை மறைத்து அச்சிடுவது வரலாற்றுக்கும் நாவலருக்கும் செய்யும் நன்மையன்று. உள்ளதை உள்ளபடி கண்டு, கொள்வதைக் கொண்டு, தள்ளுவதைத் தள்ளுதலே கற்றார்க்கு அழகு. அதற்கு உள்ளபடியான பிரதி நம் கையில் இருத்தல் வேண்டும்.

தனி ஒருவரின் முயற்சியால் இவை கூடுமா என்று மலைக்க வேண்டியதில்லை. நாவலர் மரபில் வந்த த. கைலாசபிள்ளை அவர்கள், நாவலரின் சிதறிக்கிடந்த சிறு பிரசுரங்களைத் தேடித் தொகுத்து ‘ஆறுமுகநாவலர் பிரபந்தத்திரட்டு’ ஆக்கினார்கள். அவர் தேடியிராவிடின் அவற்றுட் பல இன்று நமக்குப் பெயரளவிலேனும் தெரிந்திரா. தமிழ்நாட்டிலே செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர், செல்வந்தரல்லர். பிறர் குப்பையென்று கழித்த துண்டுப்பிரசுரங்களையும் பாடப்புத்தகங்களையும் விடாது சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபோது அத்தொகுதி ஏறத்தாழ ஓரிலட்சம் உருப்படிகளைக் கொண்டிருந்தது. 1994 இல் அதனைக் கொண்டே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று அமைந்தது. நம் நாட்டிலே 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களைப் படமெடுத்து உலகெங்கும் படிக்க வைத்துள்ளது.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் பெட்டகங்களைப் பெரியோர் அனுமதியோடு திறந்து பாருங்கள். முகப்பேடு இல்லாத பிரதியையும் எறிந்துவிடாதீர்கள். மற்றொரு வீட்டில் அதன் முகப்பேடு மாத்திரம் இருத்தல் கூடும். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டாதீர்கள். அது தாளை அரித்து மஞ்சளாக்கும். ஓரத்திலே பிள்ளை எழுதிவைத்த பெயரையும் கிறுக்கலையும் அழியாதீர்கள். எந்த ஊரில், யார் படித்தார் என்பதற்கு அதுவே சான்று. பருத்தித் துணியிற் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். எங்கே, எவரிடம் கிடைத்ததென்று தனித்தாளிற் குறியுங்கள். படமெடுத்து ஒரு பிரதி நூலகத்துக்கு அனுப்புங்கள். புத்தகம் உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் படித்த பாலபாடம் எந்த அச்சு, யார் படிப்பித்தார் என்பதை இளைஞரிடம் சொல்லிவையுங்கள். புத்தகம் இல்லாவிடினும் அந்த நினைவு எங்கே தேடவேண்டுமென்பதைக் காட்டும்.

நாவலர் அச்சியந்திரத்தை ஒரு பிள்ளைக்காக வாங்கினாரல்லர். பின்வரும் பிள்ளைகள் எல்லாருக்குமாக வாங்கினார். அதிலிருந்து வெளிவந்த சிறு புத்தகங்களை நம் காலத்தோடு அழியவிடாது, அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதே அவருக்கு நாம் செய்யும் தக்க கைம்மாறாகும்.