சதுப்பில் சில்லுத்தடம்

தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை நிரப்பும் ஆற்றின் மூலம், ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புகளில் இருக்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் அம்மேட்டுநிலமே தாய்மடி எனலாம்.

5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கைவைக்கலாகாது என்று 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை வழங்கியிராவிட்டால், தோட்டப்பயிர்கள் அங்கும் ஏறியிருக்கக்கூடும். ஆயினும் 1960களில் அங்கு உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. அப்பிரதேசம் 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. உழவு நின்றது, ஆனால் கைவிடப்பட்ட நிலத்தில் பழைய புல்லுக்குப் பதிலாக அந்நியப் புற்களே இடம்பிடித்துக்கொண்டன.

வாகனச் சில்லுகளின் கதையும் இதுவே. 2022 ஒக்டோபரில் யால தேசியப் பூங்காவில் சொகுசு ஜீப்புகள் பாதை விலகிப் பாய்ந்தோடிய காட்சி நாட்டையே கொதிப்படையச் செய்தது. ‘மழை பெய்தால் புல் முளைத்துவிடும்’ என வாதிடுவோர் உளர். சதுப்புக்கு அவ்வாதம் அறவே பொருந்தாது. நீரைப் பிடித்துவைத்திருக்கும் கரிய மண் பாரத்தால் இறுகுகின்றது, சில்லுத்தடம் வடிகாலாகின்றது, நீர் வடிந்து சதுப்பு காய்கின்றது. தடத்தை அடைத்து நீரை மீண்டும் தேக்காமல், மேலே புல் முளைத்து என்ன பயன்?

சுற்றுலா வாகனம் ஓட்டிப் பிழைக்கும் மலையக இளைஞரின் வயிற்றில் அடிக்கவேண்டியதில்லை. வாகனங்கள் ஃபார் இன்னில் நின்றுவிட, பயணிகள் உலக முடிவுக்கு நடந்தே செல்லும் ஒழுங்கு, பிழைப்பையும் சதுப்பையும் ஒருங்கே காக்கின்றது. அதனைத் தளர்த்தக் கோருவோர், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோரட்டும்.