பழவேற்காட்டில் திறந்த கதவும் தஞ்சாவூர்ப் பூவும்

எங்கள் எளாவூரைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஆந்திர எல்லைக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சோதனைச்சாவடி. இன்னொன்று, கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் நடுவே வரும் ரயில் நிலையம். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் தென்முனையில் இருக்கும் பழவேற்காடு ஊரிலிருந்துதான் இந்தக் கட்டுரை கிளம்புகிறது.

கேள்வி இதுதான். "வேதம் சொன்னால் போதும், அதற்கு மேல் பேச்சில்லை" என்று நம்புகிற ஒரு கிறிஸ்தவர், தான் வந்து சேர்ந்த ஊரின் பண்பாட்டை என்ன செய்வார்? ஏற்பாரா, எறிவாரா? வேதத்தையே இறுதி அதிகாரமாக வைக்கும் சுவிசேஷ வழிக் கிறிஸ்தவர்கள் உலகம் முழுக்க இன்றும் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள். சினிமா பார்க்கலாமா, பொட்டு வைக்கலாமா, பொங்கல் கொண்டாடலாமா என்று நம் வகுப்பிலேயே பேச்சு ஓடுகிறதே, அதுவும் இதே விவாதம்தான். இது நேற்று முளைத்ததல்ல என்பதுதான் நான் சொல்ல வந்தது. நம் கடற்கரையில் இதற்கு வயது ஏறக்குறைய நானூறு!

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613இல். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். இன்று கோட்டை மண்ணும் புதருமாகக் கிடக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. இந்தக் கோட்டைக்கு 1632இல் ஒரு போதகர் வந்து சேர்ந்தார். பெயர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். கம்பெனி ஆட்களுக்குப் பிரசங்கம் செய்வது அவர் வேலை. பத்து வருடம் இங்கே இருந்தார்.

அந்தப் பத்து வருடத்தில் அவர் இன்னொரு வேலையும் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து இந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை, சடங்கு, சாதி, திருவிழா எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீசிய மொழி. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் மூன்று சதகங்களில் நீதியும் வைராக்கியமும் பத்மநாபன் வாய்வழியாக ரொஜேரியுஸுக்குக் கிடைத்தன. காதலைப் பாடும் சிருங்கார சதகத்தை மட்டும் பத்மநாபன் சொல்ல மறுத்துவிட்டார். போதகருக்கு எதைக் கொடுப்பது, எதை மறைப்பது என்று அவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார் போல!

ரொஜேரியுஸ் 1649இல் ஹாலந்தில் இறந்துபோனார். அவர் மனைவி அந்தக் கையெழுத்துப் பிரதியை 1651இல் லெய்டன் நகரில் அச்சேற்றினார். "மறைந்திருந்த புறமதத்துக்குத் திறந்த கதவு" என்பது போலப் பொருள்படும் தலைப்பு. சமஸ்கிருத இலக்கியம் ஓர் ஐரோப்பிய மொழியில் அச்சானது இதில்தான் முதல்முறை என்கிறார்கள். பின்னர் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் வந்தது. நம் ஏரிக்கரையில் நடந்த பேச்சு ஐரோப்பாவின் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்த கதை இது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே நூற்றாண்டில், அதே பழவேற்காட்டுத் துறையிலிருந்து டச்சுக் கப்பல்கள் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு போயின. பஞ்சத்திலும் போரிலும் சிக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்கப்பட்டு பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டார்கள். ஞாயிறு தோறும் வேதம் வாசித்த கம்பெனிதான் இதையும் செய்தது. ஆதியாகமத்தில் வரும் காமின் கதையைக் காட்டி அடிமை முறையை நியாயப்படுத்தியவர்கள் அன்றைய ஐரோப்பாவில் இருந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வில்பர்ஃபோர்ஸ் போன்ற ஆங்கிலேய சுவிசேஷ வழியினர் அடிமை வியாபாரத்தை எதிர்த்து நின்றார்கள். 1807இல் பிரிட்டன் அதைச் சட்டப்படி நிறுத்தியது. புத்தகம் மாறவில்லை. வாசித்தவர்கள்தான் மாறினார்கள்.

இனி தெற்கே தரங்கம்பாடிக்குப் போவோம். டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது 24தான். நம்மில் பலர் மேற்படிப்பா வேலையா என்று குழம்பும் வயது! அவர் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714-15இல் அச்சிட்டார். கூடவே தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த அவருடைய வழிகாட்டி ஃபிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. புறமதத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்பவா அனுப்பினோம் என்கிற தொனியில் அதை ஒதுக்கி வைத்தார். அந்த நூல் அச்சேறியது 1867இல், சென்னையில். எழுதி 154 வருடம் கழித்து!

ஆக, ஒரே பக்திமார்க்கத்துக்குள்ளேயே இரண்டு பார்வை. பக்கத்து வீட்டுக்காரனைப் புரிந்துகொள்ளாமல் அவனிடம் எதைச் சொல்வது என்பது களத்தில் இருந்தவரின் பார்வை. புரிந்துகொள்ளப் போய் நம் ஆளே மாறிவிட்டால் என்ன செய்வது என்பது ஊரில் இருந்தவரின் பயம்.

இந்தப் பயம் மொழிபெயர்ப்பிலும் இறங்கியது. கடவுளைத் தமிழில் எந்தச் சொல்லால் அழைப்பது? எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன்மேல் ஏற்கெனவே வேறு கோயிலின் விபூதியோ துளசியோ இருக்கிறதே! சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். சென்னை வேப்பேரியில் இருந்த ஃபப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' வந்தது. 1871இல் நிறைவடைந்த பவர் ஐயரின் திருத்தத்தில் 'தேவன்' நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டின் திருத்தங்களிலும், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்திலும் 'கடவுள்' வந்தார். ஆனாலும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் ஒலிப்பது 'தேவன்'தான். வேடிக்கை என்னவென்றால், 'வேதாகமம்' என்ற சொல்லே வேதம், ஆகமம் இரண்டையும் சேர்த்துக் கட்டியது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு உதவியவர், பின்னாளில் சைவத்தின் தூணாக நின்ற ஆறுமுக நாவலர். பண்பாட்டைத் தொடாத தூய வேதம் என்று ஒன்றை நாம் கையில் எடுக்கவே முடியாது போலிருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர், 1820களின் இறுதி. புதிதாக வந்த மிஷனரிகள் சபையைத் திருத்தக் கிளம்பினார்கள். அதை எதிர்த்து வேதநாயக சாஸ்திரியாரும் (1774-1864) அவரைச் சேர்ந்தவர்களும் நான்கு கொடுமைகள் நடக்கின்றன என்று முறையிட்டார்கள். சாஸ்திரியார் சாமானியர் அல்ல. ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் பள்ளித் தோழர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர்கள் சொன்ன நான்கு என்னவென்றால்:

பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள்.
சபையில் சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள்.
விசேஷங்களில் பூ கூடாது என்கிறார்கள்.
ஆராதனையில் தமிழ்ப் பாட்டு கூடாது என்கிறார்கள்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பூவும் பாட்டும் போனால் நமக்கும் வலிக்கிறது. தமிழனிடம் மல்லிகையைப் பிடுங்குவதற்கும் சுவிசேஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அதே பட்டியலில், அதே மூச்சில், சாதியும் இருக்கிறது. கீழே உட்கார வைக்கப்பட்ட கிறிஸ்தவருக்கு அது கொடுமையாகவா இருந்திருக்கும்? விடுதலையாக அல்லவா இருந்திருக்கும்!

மிஷனரிகள் செய்த தவறு, பூவையும் சாதியையும் ஒரே குப்பைக்கூடையில் போட்டது. சாஸ்திரியார் தரப்பின் தவறு, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டிக் காத்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முழுமையாகக் கைவிடப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி? அது வெளியேறவில்லை. தனிக் கல்லறை, தனி வரிசை என்று பிறகும் பல ஊர்களில் நீடித்தது.

இந்தச் சிக்கல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஏரியின் 'பாடு' முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. உள்ளே இருப்பவர்களுக்கு இதைவிட நியாயமான முறை கிடையாது. சண்டை குறையும், மீனும் அனைவருக்கும் பங்காகும். ஆனால் அந்த உரிமை மரபாகக் குறிப்பிட்ட மீனவ சமூகத்துக்கு மட்டுமே. மற்றவர்கள் வெளியே. நல்லதும் கெட்டதும் ஒரே வலையில் பின்னிக் கிடக்கிறது. அறுத்தால் வலையே போய்விடும், விட்டால் அநியாயம் தொடரும். முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்க்கப் பொறுமை வேண்டும்.

உலக அளவில் சுவிசேஷ வழியினர் இதை வெளிப்படையாகப் பேசியது 1974இல். சுவிட்சர்லாந்தின் லோசானில் சுமார் 150 நாடுகளிலிருந்து கூடியவர்கள் ஓர் உடன்படிக்கை வெளியிட்டார்கள். எந்தப் பண்பாட்டிலும் அழகும் உண்டு, பாவத்தின் கறையும் உண்டு, எல்லாவற்றையும் வேதத்தால் சோதிக்க வேண்டும் என்றார்கள். சுவிசேஷத்தோடு சேர்த்து அந்நியப் பண்பாட்டையும் மிஷன்கள் ஏற்றுமதி செய்ததை அதிலேயே ஒப்புக்கொண்டார்கள். தஞ்சாவூர்ப் பூவுக்கு ஒன்றரை நூற்றாண்டு தாமதமாகக் கிடைத்த பதில் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை, சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு வழக்கம் யாரையாவது கீழே தள்ளுகிறதா என்று பார்க்கலாம். பூ யாரையும் தள்ளுவதில்லை. பாட்டும் தள்ளுவதில்லை. சாதி தள்ளுகிறது. அடிமைக் கப்பல் தள்ளியது. இந்தக் கேள்வியை மேடையில் இருப்பவரிடம் கேட்டால் சரியான பதில் வராது, கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவரிடம் கேட்க வேண்டும். ரொஜேரியுஸ் பத்மநாபனிடம் கேட்டார், நல்லதுதான். கப்பலில் ஏற்றப்பட்டவர்களிடமும் கேட்டிருந்தால் அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும்.

உங்கள் ஊரில், உங்கள் மதத்தில், பூ எது, சாதி எது? யோசித்துச் சொல்லுங்கள் நண்பர்களே.