ஊர்தி அலைத் திரட்டும் ஒதுக்கீடும்

ஒரே கைபேசிக்கு ஒரே நேரத்தில் வெவ்வேறு அலைவரிசைகளின் வழியாகத் தரவை அனுப்பும் முறை ஊர்தி அலைத் திரட்டு எனப்படும். தொலைத்தொடர்புத் துறையினர் இதைக் கேரியர் அக்ரிகேஷன் என்பார்கள். திரட்டிய அலைகளில் எந்தத் துண்டை எந்தக் கணத்தில் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் வேலைதான் ஒதுக்கீடு. கோபுர நிலையத்தில் ஓடும் ஷெட்யூலர் என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. 4ஜியில் மில்லி நொடிக்கு ஒரு முடிவு, அதாவது நொடிக்கு 1000 முடிவுகள். விளம்பரங்களில் பேசப்படுவது திரட்டு மட்டுமே. ஆனால் வாடிக்கையாளருக்கு வேகம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் ஒதுக்கீட்டின் கையில் இருக்கிறது.

கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2011-இல் நிறைவு செய்த 10-ஆம் பதிப்பு திரட்டுக்கு இடமளித்தது. ஒவ்வொன்றும் 20 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான ஐந்து அலைகளைச் சேர்க்கலாம் என்றது அது. 13-ஆம் பதிப்பு அந்த எண்ணிக்கையை 32 ஆக்கியது. இந்தியாவில் இதற்கான தேவை அலைக்கற்றை ஏலங்களிலிருந்தே பிறந்தது. தொலைத்தொடர்பு வட்டம் வட்டமாக, ஏலத்துக்கு ஒரு துண்டாக வாங்கியதால் பெரும்பாலான நிறுவனங்களிடம் அகலமான ஒரே பட்டை இருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கதையே இதற்குச் சான்று. 2010 ஏலத்தில் 2300 மெகா ஹெர்ட்ஸ் பட்டையில் 20 மெகா ஹெர்ட்ஸை ஏர்செல் எடுத்தது. தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு வட்டங்களில் இருந்த அந்த உரிமையை 2016-இல் ஏர்டெல் 3,500 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஏர்டெல் கையில் ஏற்கெனவே 1800 மெகா ஹெர்ட்ஸ் பட்டை இருந்தது. 1800-இல் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. 2300-இல் இரண்டும் ஒரே பாதையில் முறை வைத்து நடக்கின்றன. இந்த இரு வகைகளையும் இணைக்க 12-ஆம் பதிப்புதான் வழி செய்தது. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவோ 850, 1800, 2300 என மூன்று பட்டைகளோடு வந்தது.

தூத்துக்குடிக்கு வடக்கே மாப்பிள்ளையூரணி, தருவைகுளம் பக்கம் பார்த்தால் ஒதுக்கீட்டின் சிக்கல் நன்றாக விளங்கும். உப்பளமும் கடலும் தட்டையாகக் கிடப்பதால் கரையில் நிற்கும் 40 மீட்டர் கோபுரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரை நேர்ப்பார்வை உண்டு. ஆனால் எல்லா அலையும் அவ்வளவு தூரம் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. மற்றவை ஒன்றாக இருந்தாலும், 850-இல் வந்து சேரும் ஆற்றலில் ஏழில் ஒரு பங்குதான் 2300-இல் வந்து சேரும். ஆக, தொலைவுக்குப் போகும் அலை குறுகியது, அகலமான அலைக்குத் தொலைவு ஆகாது.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை கைபேசியிடம் இருக்கிறது. கோபுரம் பல பத்து வாட் திறனில் பேசும், சாதாரணக் கைபேசியின் உச்சம் 0.2 வாட். அதை இரண்டு அலைகளுக்குப் பிரித்தால் இரண்டுமே தளரும். திரட்டில் ஒரு அலை முதன்மை, மற்றவை துணை. துணை அலையில் வந்த தரவுக்கும் ‘கிடைத்தது’, ‘கிடைக்கவில்லை’ என்ற பதிலை, அடிப்படை விதிப்படி, முதன்மை அலையில்தான் கைபேசி அனுப்ப வேண்டும். போதாக்குறைக்கு, 2300-இன் வழக்கமான அமைப்பில் பத்து மில்லி நொடியில் இரண்டு மட்டுமே கைபேசி பேசுவதற்கு. கரையை விட்டு வெகுதூரம் போன வள்ளத்தில் 2300-ஐ முதன்மையாக வைத்தால், திரையில் சிக்னல் கோடுகள் தெரியும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். 850-ஐ முதன்மையாக்கி, 2300-ஐ இறங்குவழிக்கு (கோபுரத்திலிருந்து கைபேசிக்கு) மட்டும் துணையாக்கினால் அதே வள்ளத்தில் படம் ஓடக்கூடும்.

அடுத்தது பங்கீடு. இப்போதைய தரத்தை இதுவரை கிடைத்த சராசரி வேகத்தால் வகுத்து, விகிதம் அதிகமுள்ளவருக்குத் துண்டைக் கொடுப்பதே பரவலான முறை. பல அலைகள் வரும்போது அந்தச் சராசரியை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் சூட்சுமம். சம அளவுள்ள இரண்டு அலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் வாங்கத் தெரிந்த விலையுயர்ந்த கைபேசி ஒன்று, முதல் அலையை மட்டும் அறிந்த மலிவுக் கைபேசி ஒன்று. இரண்டுக்கும் ஒரே தரத்தில் சிக்னல். ஒவ்வொரு அலையும் தன் கணக்கைத் தனியாகப் பார்த்தால் முதல் அலை பாதி பாதியாகும், இரண்டாவது முழுதும் விலையுயர்ந்ததற்கே போகும். கடைசியில் ஒன்றுக்கு 1.5 பங்கு, மற்றதற்கு 0.5. இரு அலைகளிலும் கிடைத்ததைக் கூட்டிச் சராசரி பார்த்தால் முதல் அலை முழுதும் மலிவுக் கைபேசிக்குப் போய், ஆளுக்கு ஒரு பங்கு அமையும். கோபுரத்தின் மொத்த வேகம் குறையவில்லை, கூடுதல் அலைக்கற்றையும் தேவைப்படவில்லை. மலிவுக் கைபேசிகள் மிகுந்த ஊரில் இந்தக் கூட்டுக் கணக்கே நியாயம். அலைகளுக்கிடையே சராசரித் தகவலைப் பரிமாறுவதுதான் இதற்கு ஆகும் கூடுதல் வேலை.

துணை அலைகளை எப்போதும் திறந்து வைத்தால் பேட்டரி கரையும். ஆகவே குறித்த நேரம் தரவு வராவிட்டால் கைபேசி அவற்றை மூடிவிடும். மீண்டும் எழுப்ப 20, 30 மில்லி நொடிகள் வரை ஆகலாம். வாட்ஸ்அப் செய்தி ஒன்றுக்காக எழுப்புவது வீண், பெரிய படத்துக்கு எழுப்பலாம்.

5ஜியில் அலைகளுக்கிடையிலான இடைவெளி இன்னும் விரிந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் 700 மெகா ஹெர்ட்ஸை ஜியோ மட்டுமே வாங்கியது, 22 வட்டங்களிலும் 10 மெகா ஹெர்ட்ஸ் வீதம். அதோடு 3300 பட்டையிலும் வாங்கியது. அந்தப் பட்டையின் அகல அலைகளில் துண்டின் நீளம் பொதுவாக அரை மில்லி நொடி. ஷெட்யூலர் அங்கே நொடிக்கு 2000 முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.