கப்பல் முழுகிடுச்சோ என்னவோ

பாகூர் மாமாகிட்ட நிலப்பத்திரத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மெசேஜ் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. பதிலைக் காணோம். திரும்பக் கேட்டா நச்சரிக்கிறான்னு நினைப்பாரோன்னு ஒரு தயக்கம். அம்மாவோட அண்ணன் வேற.

இந்த அவஸ்தை எங்க ஊர்ப்பக்கம் ரொம்பப் பழசு மக்களே. 1742-லிருந்து 1754 வரை டூப்ளே புதுச்சேரி கவர்னர். முதலாளிகள் பிரான்சில். கடிதம் லோரியாங் துறைமுகம் போய்ச் சேரவே ஆறு மாசம் ஆகலாம். பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல. நடுவுல புயல், எதிரிக் கப்பல்!

அதுக்கு அந்தக் காலத்துக் கம்பெனிகள் வச்சிருந்த வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே கடிதத்தை ரெண்டு மூணு நகல் எடுத்து, வேற வேற கப்பலில் அனுப்புவாங்க. அடுத்த கடிதம் எழுதும்போது, முன்னாடி எந்தத் தேதியில் எந்தக் கப்பலில் எழுதினோம்னு குறிப்பிடுவாங்க. ஏன் பதில் போடலைங்கிற கேள்வியே அதில் கிடையாது. கப்பல் முழுகியிருக்கலாம், அவ்வளவுதான். படிக்கிறவரும் பழைய கட்டைத் தேட வேண்டியதில்லை, விஷயம் முழுசா கையிலேயே இருக்கு.

டூப்ளே விஷயத்தில் கப்பல் மட்டும் பிரச்சினையில்லை. சந்தா சாகிப்புக்கு உதவினதுக்குக் கைமாறா 1749-ல் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்கள் கிடைச்சது. ஆனா சண்டை நீண்டுகிட்டே போச்சு. 1752-ல் நம்ம பாகூரிலேயே ஆங்கிலேயர் லாரன்சிடம் தோல்வி. டூப்ளேவின் மருமகன் கெர்ஷான் பிடிபட்டார். செலவைப் பார்த்துக் கம்பெனி மிரண்டது. 1754-ல் கோதே வந்து இறங்கினார், டூப்ளேவுக்கு ஊருக்குத் திரும்ப உத்தரவு.

1755-ல் பிரான்ஸ் போனவர், சண்டைக்குப் போட்ட சொந்தப் பணத்தைக் கேட்டுக் கேட்டு அலைஞ்சார். 1759-ல் கம்பெனிக்கு எதிராப் பெரிய மனுவே அச்சடிச்சுப் போட்டார். பணம் வரலை. 1763-ல் பாரீசில் கடனோடு செத்துப்போனார். இப்போ நடுவில் கடலும் இல்லை, பழி போடக் கப்பலும் இல்லை. (பாவம்தான். ஆனா அந்தச் சண்டைகளில் நம்ம கிராமங்கள் பட்டதுக்கு யார்கிட்ட மனு போடுறது?)

நேத்து நகல் முறையையே கையில் எடுத்தேன். பழைய மெசேஜைத் தேதியோட அப்படியே ஒட்டி, "போய்ச் சேரலையோன்னு திரும்ப அனுப்புறேன் மாமா"ன்னு ஒரு வரி சேர்த்தேன்.

ராத்திரி மாமாவே கூப்பிட்டார். ஃபோன் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் விழுந்து ரெண்டு வாரமாம்!

பத்திரம் இன்னும் வரலை.