கெல்லாக் விட்டுச்சென்ற இரு விடைகள்

வீட்டில் ஸ்டீரியோ அமைக்க முனைவோர் முன் ஒரு பழைய கேள்வி இன்றும் நிற்கிறது: வழக்கமான கூம்பு ஒலிபெருக்கியா, தட்டை ஒலிபெருக்கியா? சந்தை முழுவதும் கூம்புகளே நிறைந்திருப்பதால், காலம் என்றோ தீர்ப்பளித்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அத்தீர்ப்பு எவ்வாறு உருவானது என்று நோக்கினால், செவியைக் காட்டிலும் வீட்டுச் சுவருக்கே அதில் பங்கு மிகுதி என்பது புலப்படும்.

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் ஓர் ஆய்வுக்கட்டுரை அளித்தனர். காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள் ஒரு காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைக்கும், அவ்வசைவே ஒலியாகும். ஆலிவர் லாட்ஜ் 1898இலேயே இயங்குசுருளுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும், கூம்பின் இயல்பதிர்வைத் தாழ்சுருதியின் எல்லைக்குக் கீழே நிறுத்தினால் அதற்கு மேலுள்ள பரந்த எல்லையில் ஒலி சீராக அமையும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் இவர்களே. 1926இல் 6 அங்குலக் கூம்புடன் அது ஆர்.சி.ஏ. ரேடியோலா ஒலிபெருக்கியாக விற்பனைக்கு வந்தது. இன்று வீடுகளில் ஒலிக்கும் கூம்புகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

வரலாற்றின் சுவையான திருப்பம் இதன் பின்னரே நிகழ்ந்தது. கூம்பைத் தந்த அதே கெல்லாக், 1929இல் வேறொரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934இல் அது வழங்கப்பட்டது. காந்தமும் கூம்பும் இல்லாத, பல சிறு பகுதிகளால் ஆன நிலைமின் ஒலிபெருக்கி அது. தன் கண்டுபிடிப்பின் குறையை அவரைவிட நன்கறிந்தவர் யார்? கூம்பு அதன் நடுவிலிருந்து மட்டுமே தள்ளப்படுகிறது. உயர்ந்த சுருதிகளில் விளிம்பு நடுப்பகுதியுடன் ஒத்தியங்க மறுத்து, தனித்தனியே நெளிகிறது. நிலைமின் முறையிலோ மெல்லிய படலத்தின் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விசையை ஏற்கிறது. நெளிவதற்கு அங்கே இடம் குறைவு.

ஆயினும் அக்காலத்தில் அதற்கேற்ற படலம் இல்லை. உறுதியும் மென்மையும் ஒருங்கே கொண்ட பிளாஸ்டிக் படலங்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே எளிதில் கிடைத்தன. 1957இல் இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் தமது குவாட் நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அறைச் சூடேற்றியைப் போன்ற தோற்றமுடைய அத்தட்டையில் மனிதக் குரலும் வயலினும் ஒலித்த தெளிவு, பின்வந்த பல தலைமுறைப் பொறியாளர்களுக்கு உரைகல்லாயிற்று.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1954இல், அமெரிக்காவின் எட்கர் வில்சூர் எதிர்த்திசையில் நடந்திருந்தார். காற்றுப்புகாத சிறு பெட்டியில் கூம்பை அடைத்து, உள்ளிருக்கும் காற்றையே வில்லாகப் பயன்படுத்தினார். அலமாரி போன்ற பெரும்பெட்டி தந்த தாழ்சுருதியைப் புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டி தந்தது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவத் தொடங்கியபோது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஒலிபெருக்கிகள் தேவையாயின. போட்டியின் போக்கு அங்கேதான் முடிவானது.

காரணம் இயற்பியலில் உள்ளது. திறந்த தட்டை முன்னும் பின்னும் ஒலிக்கிறது. இரு பக்க அலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். ஒரு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள தட்டையை அது எளிதில் சுற்றிவந்து, எதிரலையுடன் கலந்து மெலிந்துவிடுகிறது. படலமும் சிறிதளவே அசையக்கூடியது. உரத்த தாழ்சுருதி அதற்குச் சுமை. மேலும், பின்பக்க ஒலி சுவரில் மோதித் திரும்புவதால், தட்டையைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்தவேண்டும். அத்தகைய இரண்டு தட்டைகளைச் சிறு கூடத்தின் நடுப்பகுதியில் நிறுத்த எத்தனை குடும்பங்கள் இசையும்?

தட்டையின் பிற இடர்களைக் குறைக்க முயன்றோர் உண்டு. உயர் மின்னழுத்தத்தைத் தவிர்க்க விரும்பிய 3எம் பொறியாளர் ஜிம் வைனி, படலத்தில் கம்பிகளை ஒட்டிக் காந்தங்களால் இயக்கி, 1969இல் மினசோட்டாவில் மேக்னபேன் நிறுவனத்தைத் தொடங்கினார். மின்னழுத்தத்தின் தொல்லை நீங்கியது. ஆனால் வலிய ஆம்ப்ளிஃபையரும் சுவரிலிருந்து இடைவெளியும் அதற்கும் தேவைப்பட்டன.

ஆகவே கூம்பின் வெற்றி, செவிகள் கூடி வழங்கிய வாக்கன்று. அறை, விலை, ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றுடன் அது செய்துகொண்ட உடன்படிக்கை. இன்று தேர்வு செய்வோர் முதலில் அளக்கவேண்டியது தம் அறையையே. தட்டைக்குப் பின்னே ஒரு மீட்டரேனும் இடம் விடமுடியுமா? இருக்கையை ஓரிடத்தில் நிலையாக வைக்கமுடியுமா? கேட்பது பெரும்பாலும் குரலும் நரம்பிசையுமா, அல்லது அதிரும் தாளமா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றும், மூன்றாவதற்குக் ‘குரலும் நரம்பிசையும்’ என்றும் விடை வந்தால் தட்டையைக் கேட்டுப்பார்க்காமல் முடிவெடுப்பது இழப்பு. அன்றேல் நல்ல கூம்பை வாங்குவதில் குறைவேதுமில்லை.

கெல்லாக் தம் இரு விடைகளில் எதையும் திரும்பப் பெறவில்லை. ஒன்று அன்றைய வீட்டுக்குப் பொருந்தியது. மற்றொன்று தனக்கேற்ற படலத்துக்காக ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்திருந்தது.